வில்லியனூர்ச் சாலைக்கு எந்தக் கேம்?

இலக்கியம் பேசும் பக்கத்தில் மோட்டார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு நாவலைப் பற்றி நாலாயிரம் சொற்கள் எழுத நம்மிடையே ஆளுண்டு. திண்ணையோரம் நிற்கும் வண்டியின் எஞ்சினைப் பிரித்தால் உள்ளே எதைப் போடுவது, எதைப் போடாமல் விடுவது என்று நானூறு சொற்கள் எழுதத்தான் ஆளில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் தீர்க்கும் முயற்சியாக இதைக் கொள்க. பொருள் இதுதான்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சாலைகளில் ஓடப்போகும் ஒரு பழைய புல்லட் 350-க்கு எஞ்சின் வேலை செய்யும்போது எவ்வளவு கம்ப்ரஷன் வைப்பது, எந்தக் கேம் போடுவது?

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்று எண்ணிக்கொண்டுதான் நம் இளைஞர்கள் பணத்தைக் கரைக்கிறார்கள். ஒருவன் பத்துக்குமேல் விகிதம் தருவதாகச் சொல்லப்படும் பிஸ்டனை வரவழைக்கிறான். இன்னொருவன் 'ரேஸ் கேம்' என்று எழுதிய டப்பாவோடு பட்டறைக்கு வருகிறான். இரண்டும் ஒரே கேள்வி என்பதும், அதற்கான விடை வண்டி ஓடும் சாலையில் இருக்கிறது என்பதும் நமது துணிபு.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் எஞ்சின் அடிப்படையில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் மாறவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. சிலிண்டர் இரும்பு, அதனால்தான் 'காஸ்ட் அயர்ன்' என்று பெயர். ஹெட் அலுமினியம். 2010-ஐ ஒட்டி அது முற்றாக வழக்கொழிந்து, அலுமினிய சிலிண்டர் கொண்ட யு.சி.இ. எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. இனி ஓர் இரும்பு புல்லட்கூடப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. தந்தையின் வண்டி மகனுக்கு வருவதும், மகன் அதை அவிழ்ப்பதும் இன்று நம் கொம்யூன்களில் சாதாரணக் காட்சி. அவிழ்த்தவன் எடுக்கும் முடிவு தவறினால் திரும்பக் கட்ட வழி குறைவு. சீவிய இரும்பு வளராது. போரையும் இருபது, நாற்பது, அறுபது என்று மூன்று ஓவர்சைஸ் வரைதான் கடையலாம். அதன்பின் ஸ்லீவ் அடிக்க வேண்டும்.

கம்ப்ரஷன் விகிதம் என்பது எளிய வகுத்தல் கணக்கு. பிஸ்டன் கீழ்முனையில் நிற்கும்போது அதன் தலைக்கு மேலே உள்ள மொத்த இடத்தை, அது மேல்முனைக்கு ஏறியபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது. இரும்பு புல்லட்டில் மாதிரிக்கும் ஆண்டுக்கும் ஏற்ப இது சற்று மாறும். ஏழை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். கணக்குக்காக 6.5 என்று கொள்வோம். அப்படியானால் மேலே எஞ்சும் இடம் ஏறக்குறைய 63 சி.சி. இதையே 8.5 ஆக்க வேண்டுமானால் அந்த இடம் 46 சி.சி.யாகச் சுருங்க வேண்டும். 70 மி.மீ. போரில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் குறைவது 3.85 சி.சி.தான்; விகிதம் 6.5-இலிருந்து 6.9 வரைகூட ஏறாது. எனவே லேத்தில் சீவியே காரியத்தை முடித்துவிடலாம் என்பவர் நாலு மில்லிமீட்டருக்கு மேல் சீவ வேண்டியிருக்கும். அதற்குள் ஹெட் கீழிறங்கி, புஷ்ராட் நீளம் மிகுந்து, வேறொரு வழக்கு தொடங்கிவிடும். விகிதத்தை மாற்றுவதென்றால் பிஸ்டனை மாற்றுவதே முறை. யாரும் கேளாமலே விகிதம் சற்று ஏறும் வழியும் ஒன்று உண்டு. அறுபது ஓவர்சைஸில் போர் 71.5 மி.மீ. ஆகிறது, கொள்ளளவு 361 சி.சி. ஆகிறது. ஹெட் அதேதான் என்றால் 6.5 என்பது 6.7-ஐத் தாண்டுகிறது.

விகிதம் ஏறினால் என்ன லாபம்? ஏட்டுக் கணக்குப்படி 6.5-இலிருந்து 8.5-க்குப் போனால் எரிபொருளிலிருந்து பெறும் வேலை 9 சதவீதம் கூடுகிறது. 8.5-இலிருந்து 10.5-க்குப் போனால் 6 சதவீதம்தான். ஏற ஏற லாபம் மெலிகிறது. வெப்பமும் நாக்கிங்கும் மெலிவதில்லை. தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவதுபோல் ஏற்றத்தில் கேட்கும் சத்தம்தான் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன், மூலையில் கிடக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பது அது. வயல் மோட்டார் டீசல் எஞ்சின் பதினேழு மடங்கு அழுத்தியும் தாங்குகிறதே என்று கேட்பார்கள். டீசல் அழுத்துவது வெறுங்காற்றை. எண்ணெய் கடைசியில்தான் உள்ளே வருகிறது. பெட்ரோல் எஞ்சின் கலவையையே அழுத்துகிறது. இந்த வேறுபாடு புரிந்தால் பாதி வாதம் தீர்ந்தது.

இனி கேம். கேம் என்பது வால்வைத் தூக்கும் மேடு. எவ்வளவு உயரம் தூக்குவது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எப்போது மூடுவது ஆகிய மூன்றும் அந்த மேட்டின் வடிவத்தில் அடங்கியிருக்கின்றன. விற்பவர்கள் முதல் இரண்டைப் பெருமையாகச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது மூன்றாவது: இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது?

பிஸ்டன் கீழே இறங்கும்போது கலவை உள்ளே வருகிறது. கீழ்முனையைத் தொட்டதும் வால்வு மூடிவிடுவதில்லை. பிஸ்டன் திரும்பி ஏறத் தொடங்கியபின்னும் சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, விரைந்து வரும் காற்று தன் ஓட்டத்தின் வலுவால் ஏறிவரும் பிஸ்டனை மீறியும் உள்ளே புகும் என்பதே இதன் நியாயம். பாகூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதை எளிதில் சொல்லலாம். பங்காரு வாய்க்காலில் வெள்ளம் விரைந்து வரும் நாளில் மதகை நேரம் கழித்து அடைப்பவன் கெட்டிக்காரன். வரத்து மெலிந்த நாளில், உள்ளே மட்டம் ஏறிய பின்னும் மதகைத் திறந்து வைத்தவனுக்கு, சேர்ந்த தண்ணீரும் வந்த வழியே திரும்பிப் போகும். வேகமான கேம் என்பது நேரம் கழித்து அடைக்கும் மதகு. மெல்லச் சுழலும் எஞ்சினில் அதைப் போட்டால், உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் மறுபடி கார்பரேட்டருக்கே தள்ளுகிறது.

தள்ளியது போக மிஞ்சியதைத்தான் எஞ்சின் அழுத்துகிறது. ஆகவே ஏட்டில் உள்ள விகிதம் வேறு, எஞ்சின் உண்மையில் காணும் விகிதம் வேறு. இன்லெட் வால்வு கீழ்முனை கடந்து 60 பாகையில் மூடுகிறது என்று கொண்டால், அதற்குள் பிஸ்டன் தன் ஓட்டத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். ஏட்டில் 6.5, கையில் ஏறத்தாழ 5.4. அதே எஞ்சினில் 80 பாகையில் மூடும் கேமைப் போட்டால் பிஸ்டன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டிருக்கும். கையில் நிற்பது சுமார் 4.6. 'ரேஸ் கேம் போட்டேன் சார், வண்டி செத்துப்போச்சு' என்று மாணவர்கள் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். கேம் பழுதில்லை. ஏற்கெனவே குறைவாக இருந்த கம்ப்ரஷனை அது மேலும் குறைத்துவிட்டது. இப்போது அதே 80 பாகைக் கேமோடு 8.5 விகிதப் பிஸ்டனைச் சேர்த்துப் பாருங்கள்: கையில் நிற்பது 5.8-ஐ ஒட்டி. பழைய இழுவை ஒருவாறு மீள்கிறது. கேமை மாற்றாமல் 60 பாகையிலேயே விட்டு 8.5 ஆக்கினால் கையில் நிற்பது ஏழு. இரும்பு சிலிண்டரும் கோடை வெயிலும் சேர்ந்தால் கோலிக்குண்டு உருளத் தொடங்கும்.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதன்று. வெண்டளையில் மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கியாக வேண்டும். விளச்சீரோ காய்ச்சீரோ வந்தால் நேரில் தொடங்க வேண்டும். ஒரு சீரைத் திருத்திவிட்டு அடுத்ததைத் தொடாமல் போக முடியாது. கம்ப்ரஷனும் கேமும் இந்த வகை உறவினர்.

சரி, எந்தச் சீரிலிருந்து தொடங்குவது? வில்லியனூரில் தலைநரைத்த மெக்கானிக் ஒருவர், கேம் டப்பாவோடு வந்து நின்ற மாணவனிடம் கேட்டது நமக்கு நினைவிருக்கிறது: "தம்பி, கரிக்கலாம்பாக்கம் போற வழியில எந்த கியர்ல போவ?" தம்பி விழித்தான். "டாப்புலதாண்ணே." "எவ்ளோ வேகம்?" "நாப்பது, அம்பது." "அப்ப அந்த டப்பா உனக்கு எதுக்கு?" பொறியியல் கல்லூரி வகுப்பில் ஒரு பருவம் எடுத்துக்கொள்ளும் பாடத்தை அவர் மூன்று கேள்விகளில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதைச் சற்று விரிப்போம். திருக்காமீசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இரண்டாம் கியருக்கு மேல் வாய்ப்பில்லை. ஊர்ப்புறத்தில் வேகத்தடை, வளைவு, நடுவே நெல் காயும் பாதி சாலை, முன்னால் கரும்பு டிராக்டர். டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு இந்த எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டித்தான் சுழல்கிறது. வேகக் கேம் விழித்துக்கொள்ளும் இடம் ஐயாயிரத்தில் இருக்கும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் எஞ்சின் 5600 சுற்றில் ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.8 மீட்டர், 4000 சுற்றில் 12 மீட்டர். இந்த வேறுபாட்டின் விலையைக் கொடுப்பது கீழே உள்ள கனெக்டிங் ராட். இரும்பு புல்லட்டின் ராடு அடிமுனையில் உருளைத் தாங்கி கிடையாது, மிதக்கும் புஷ். எண்ணெய் பம்பும் தாராளமானதன்று. மேலே கேமும் பிஸ்டனும் மாற்றி வேகம் கூட்டியவன் பெரும்பாலும் கீழே புஷ்ஷை மறந்திருப்பான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வரை ஓட்டுகிறேன் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் நமது விடை பெரிதாக மாறாது. எண்பதில் சீராகப் போக நாலாயிரத்தைச் சற்றுத் தாண்டிய சுற்று போதும். தொழிற்சாலையே இதில் நமக்குச் சாட்சி. யு.சி.இ. எஞ்சினில் விகிதத்தை 8.5 ஆக்கினார்கள், இழுவிசை 28 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில். 2020இல் வந்த புதிய 350 எஞ்சினில் கேமை ஹெட்டுக்கு மேலேயே ஏற்றி, ஸ்ட்ரோக்கை 85.8 மி.மீ. ஆகக் குறைத்து, விகிதத்தை 9.5 ஆக்கினார்கள், இழுவிசை 27, அதே 4000 சுற்றில். குதிரைத்திறன் இரண்டிலும் இருபதை ஒட்டியே. கணினி, எரிபொருள் இன்ஜெக்‌ஷன் எல்லாம் கையிலிருந்தும் அவர்கள் உச்ச வேகத்தைத் துரத்தவில்லை. நம் சாலையை அவர்கள் நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியிருப்பது சற்று வெட்கம்தான்.

பெட்ரோலைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த எஞ்சின் பிறந்த காலத்தில் நாக்கிங்கைத் தடுக்கப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிஜ்லி கண்ட வழி அது. நச்சு என்று தெரிந்தும் பல பத்தாண்டுகள் உலகம் அதைச் சுவாசித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. நாக்கிங்கைத் தாங்கும் அளவான ஆக்டேன் எண் முன்பு 88 என்றிருந்து 91 ஆயிற்று. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் எண் 95 என்று 2025இல் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. அப்படியானால் கம்ப்ரஷனை ஏற்றலாமே என்று தோன்றும். ஓரளவு ஏற்றலாம். ஆனால் எத்தனாலில் உள்ள ஆற்றல் லிட்டருக்குப் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்குதான். அது எரியக் காற்றும் குறைவாகவே வேண்டும். பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊறிப்போகும். வரி குறைவு என்பதால் கடலூர்ப் பக்கத்திலிருந்து கன்னியக்கோயில், முள்ளோடை வரை வந்து டாங்க் நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். நியாயம்தான். எஞ்சின் கட்டுபவர் ஜெட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, நம்மைக் கேட்டால்: இரும்பு புல்லட்டுக்கு ஏழிலிருந்து ஏழரைக்குள் விகிதம், கம்பெனிக் கேம், ஒரு படி பெரிய ஜெட், அதற்கேற்பத் திருத்திய இக்னிஷன் டைமிங். இதற்குமேல் எட்டரைக்குப் போக விரும்புபவர் அதற்குரிய கேம், புஷ், எண்ணெய் பம்பு அனைத்துக்கும் சேர்த்துப் பணம் வைத்திருந்தால் போகட்டும். பாதியில் நிற்பதானால் வேண்டாம். மற்றொன்றும் உண்டு. இந்த வண்டியைக் கிக்கர் உதைத்துத்தான் எழுப்ப வேண்டும். மகன் ஏற்றிய கம்ப்ரஷனை அறுபது வயதுத் தந்தையின் முழங்கால் உதைக்கப்போகிறது. டீகம்ப்ரசர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்த உதவும், உதையை அவருக்காக உதைக்காது.

இடையில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கலைச்சொல் அகராதிகள் அமுக்க விகிதம், நெம்புருள் தண்டு, ஓரதர் என்று அழகாகத் தருகின்றன. நாம் தமிழ் படித்தவர்கள், அவற்றை மதிக்கிறோம். எனினும் இக்கட்டுரையில் கேம், டப்பட், பேக்கிங், ஜெட் என்றே எழுதினோம். அறிவு பட்டறையில் இந்தச் சொற்களில்தான் கைமாறுகிறது. 'இழுவை' போன்ற மிக நுட்பமான தமிழ்ச்சொல்லையும் அந்தப் பட்டறைதான் வைத்திருக்கிறது. 'டார்க்' என்று பாடநூல் விழிக்கும் இடத்தில் 'வண்டி இழுக்குது, ஆனா ஓடல' என்று மெக்கானிக் சொல்லிவிடுகிறார். இழுப்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வாக்கியத்தை நாம் எந்த நூலிலும் கண்டதில்லை. இந்தப் பேச்சு எழுத்தில் ஏறவில்லை. இரும்பு புல்லட்டை அறிந்த தலைமுறை பட்டறைகளை மூடிக்கொண்டு வருகிறது. அடுத்து வருபவன் கேம் டப்பாவின் மேல் உள்ள ஆங்கில விளம்பரத்தை மட்டுமே படிப்பான்.

டப்பாவை நம்பாமல் தானே அளந்து பார்க்க விரும்புபவருக்கு: மருந்துக்கடையில் 50 மில்லி ஊசிக்குழாய் கிடைக்கும். ஹெட்டைப் பூட்டி, இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை உச்சியில் இருக்கும்படி எஞ்சினைச் சாய்த்து வைத்து, அத்துளையின் அடிப்புரி வரை மெல்லிய எண்ணெயை நிரப்புங்கள். எத்தனை மில்லி போயிற்றோ அதுதான் எஞ்சும் இடம். 346-ஐ அதனால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் உங்கள் விகிதம். ஓவர்சைஸ் பிஸ்டனானால் அதன் கொள்ளளவை எடுத்துக்கொள்க. விற்றவர் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரம் கூடிய கேம் போடுவதானால் பிஸ்டன் தலையில் சிறிது களிமண் வைத்து எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, பிரித்து, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தின் கனத்தை அளக்கலாம். புதிய கேமுக்குப் பழைய டப்பட்டைப் போட வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் இந்த எஞ்சினில் தனித்தனிக் கேம்கள், பல்சக்கரத்தில் தனித்தனிப் புள்ளிகள். மூடியைப் பூட்டுமுன் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். டப்பட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் வைக்க வேண்டும்: புஷ்ராட் இரு விரலுக்கிடையே உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.